வேர் நோய்க்கு வாசனை எண்ணெய்: மரம் பிழைக்குமா? மனுசனுக்கு ஆபத்தா?



இந்தப் பகுதியில் வழக்கமாகக் காய்ச்சல், இனிப்பு நீர், ரத்தக் கொதிப்பு என்று எழுதி வருகிறேன். இந்தத் தடவை மரத்துக்கு வரும் நோயைப் பற்றி எழுத வந்துவிட்டாரே, டிரெஸருக்கு வேறு வேலை இல்லையா என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. மரத்துக்கு ஊற்றும் மருந்து முதலில் படுவது மனிதன் கையில்தான். மரத்துக்கு என்று வீட்டில் வாங்கி வைக்கும் புட்டி முதலில் அகப்படுவது குழந்தை கையில்தான். ஆகவே இது மருந்தறைக்கும் சம்பந்தப்பட்ட விஷயமே.

கொஞ்ச காலமாக என்னிடம் பலர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "டிரெஸர் ஐயா, செராய் எண்ணெய், கிராம்பு எண்ணெய் ஊத்தினா பால்மரத்து வேர் நோய் போயிடுமாமே, உண்மையா? கெமிக்கல் மருந்தே வேண்டாமாமே? கைப்பேசியில வந்துச்சு." இதற்கு ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

வேர் நோய் என்பது என்ன?

பால்மரத்தைப் பிடிக்கும் வேர் நோய்கள் முக்கியமாக மூன்று. வெள்ளை வேர் நோய், சிவப்பு வேர் நோய், பழுப்பு வேர் நோய். மூன்றும் பூசணத்தால் வருபவை. ஊறுகாயிலும் பழைய ரொட்டியிலும் பூக்கிறதே பூசணம், அந்த இனத்தைச் சேர்ந்ததுதான். ஆனால் இது மரக்கட்டையையே தின்னும் முரட்டு வகை.

இவற்றில் பெரிய எதிரி வெள்ளை வேர் நோய். இது நமக்குப் புதிதல்ல. 1904-ஆம் ஆண்டிலேயே சிங்கப்பூர் தாவரவியல் தோட்டத்தில் ரப்பர் மரத்தில் இந்த நோய் கண்டறியப்பட்டது. அப்போது அந்தத் தோட்டத்துக்குத் தலைவராக இருந்தவர் ரிட்லி துரை. ரப்பரை நடுங்கள், நடுங்கள் என்று மலாயா முழுக்கச் சொல்லி வந்தவர் அவரே. ரப்பர் இந்த மண்ணில் காலூன்றும் முன்பே அதன் எதிரியும் வந்து நின்றுவிட்டது பாருங்கள்.

இது எப்படிப் பரவுகிறது? பழைய மரத்தை வெட்டிய பிறகு மண்ணுக்குள் கிடக்கும் கட்டையிலும் வேரிலும் பூசணம் உயிரோடு இருக்கும். அதிலிருந்து வெள்ளை நூல் போலக் கிளம்பி, வேரின் மேல் ஒட்டிப் படர்ந்து, பக்கத்து மரத்தின் வேரைத் தொட்டதும் அதிலும் ஏறிக்கொள்ளும். மேலே மரம் பசுமையாகவே நிற்கும். கீழே வேர் அழுகிக்கொண்டிருக்கும். இலை வெளிறிச் சுருங்குவதும், காலமில்லாத காலத்தில் பூத்துக் காய்ப்பதும், அடிமரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் முளைப்பதும் கண்ணுக்குத் தெரியும்போது பாதி வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

செம்பனைத் தோட்டத்தில் இருப்பவர்களுக்கு இதன் உறவுக்காரனைத் தெரியும். கானோடெர்மா என்று பெயர். குருத்து மட்டைகள் விரியாமல் ஈட்டி போல நிற்கும். கீழ் மட்டைகள் பாவாடை மாதிரித் தொங்கும். அடியில் பளபளப்பான காளான் தட்டு தெரியும்போது உள்ளே தண்டு பெரும்பாலும் உளுத்துப் போயிருக்கும். ஒரு தடவை பிடித்துவிட்டால் அந்த மரத்தை முழுதாகக் குணப்படுத்த இன்றுவரை மருந்து இல்லை. மருந்து செலுத்தி, அடியில் மண் அணைத்து, மரத்தின் ஆயுளைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான்.

இங்கே முதல் சுகாதார எச்சரிக்கை. வேர் அழுகிய மரம் காற்றடித்தால் சொல்லாமல் சாயும். உங்கள் நிரையில் அப்படி ஒரு மரம் இருந்தால் அதன் கீழே உட்கார்ந்து சாப்பிடாதீர்கள், சைக்கிளை, மோட்டாரை நிறுத்தாதீர்கள். மழைக்கு அதன் அடியில் ஒதுங்கவே கூடாது. மண்டோரிடம் அன்றைக்கே சொல்லி, மரத்தில் அடையாளம் போடச் செய்யுங்கள்.

இப்போது ஊற்றும் மருந்துகள்

மரத்தின் கழுத்தைச் சுற்றி மண்ணைக் கொஞ்சம் தோண்டி, பூசணக்கொல்லி மருந்தைத் தண்ணீரில் கலந்து ஊற்றுவது பல தோட்டங்களில் இருக்கும் வழக்கம். ஹெக்ஸகோனசோல், புரோபிகோனசோல், டிரைஅடிமெஃபோன், டிரைடெமார்ஃப் என்று பல பெயர்கள். நோய் ஆரம்பத்தில் இருந்தால் இவை மரத்தைக் காப்பாற்றும்.

ஆனால் மருந்து என்பது பூசணத்தை மட்டும் பார்த்துக் கொல்லும் கண் உள்ள பொருள் அல்ல. தோலில் பட்டால் அரிப்பு, கண்ணில் பட்டால் எரிச்சல், மூச்சில் போனால் தலைவலி, குமட்டல். இந்த வகை மருந்துகளைச் சோதனைக்கூட எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது ஈரலும் வயிற்றில் உள்ள குட்டியும் பாதிக்கப்பட்டது தெரியவந்தது. டிரைடெமார்ஃப் கருவுக்குக் கேடு செய்யக்கூடியது என்று வகைப்படுத்தப்பட்ட பொருள். ஆகவே கர்ப்பிணிப் பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார்கள் மருந்து கலக்கவும் ஊற்றவும் போகவே கூடாது. மாதம் தள்ளிப்போயிருக்கிறது என்று தெரிந்த உடனே சொல்லி, வேறு வேலை கேளுங்கள். வெட்கப்பட வேண்டாம்.

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை எத்தனை வருடம் நம் பெண்கள் முதுகில் சுமந்தார்கள்! 2020-ஆம் ஆண்டு ஜனவரி 1-ஆம் தேதி முதல்தான் அது மலேசியாவில் முழுதாகத் தடை செய்யப்பட்டது. இதையெல்லாம் பார்த்தவர்களுக்கு, "கெமிக்கல் வேண்டாம், இயற்கை எண்ணெய் போதும்" என்ற பேச்சு காதில் தேனாகப் பாய்வதில் வியப்பு இல்லை. எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் ஆசை வேறு, உண்மை வேறு.

வாசனை எண்ணெய் பூசணத்தைக் கொல்லுமா?

கொல்லும். அதை மறுக்க வேண்டியதில்லை. செடிகள் தங்களைப் பூச்சியிடமிருந்தும் பூசணத்திடமிருந்தும் காத்துக்கொள்ளச் சேர்த்து வைத்திருக்கும் பொருள்தான் வாசனை எண்ணெய். மலாய்க்காரர்கள் செராய் என்று சொல்லும் எலுமிச்சைப் புல்லில் சிட்ரால் இருக்கிறது. கிராம்பில் யூஜினால். நம் வீட்டு ஓமத்தில் தைமால். பட்டையில் சின்னமால்டிஹைட். இலையை, மொட்டை, பட்டையை நீராவியில் காய்ச்சி வடித்தால் இந்த எண்ணெய் பிரிந்து வரும்.

பூசணத்தின் உடம்பு சின்னச் சின்ன அறைகளால் ஆனது. ஒவ்வோர் அறைக்கும் கொழுப்பால் ஆன மெல்லிய சுவர் உண்டு. எண்ணெய் கொழுப்போடு சேரும் அல்லவா? வாசனை எண்ணெய் அந்தச் சுவருக்குள் கரைந்து போய் ஓட்டை போட்டுவிடும். உள்ளே இருப்பது வெளியே கசிந்து பூசணம் சாகும். ஆய்வுக்கூடத்தில் கண்ணாடித் தட்டில் பூசணத்தை வளர்த்து, அதில் இந்த எண்ணெய்களைச் சிறிது சேர்த்தால், வளர்ச்சி நின்றுபோவதைப் பல நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இதுதான் கைப்பேசியில் "கண்டுபிடித்துவிட்டார்கள்" என்று சுற்றி வருகிறது.

தட்டில் நடப்பது தீம்பாரில் நடக்குமா?

இங்கேதான் சங்கடம். கண்ணாடித் தட்டு மூடியிருக்கும். எண்ணெய் அதிலேயே நிற்கும். தீம்பார் அப்படியா? காலை 10 மணிக்கு மேல் வெயில் ஏறினால் ஊற்றிய எண்ணெய் ஆவியாகப் போய்விடும். மூக்கில் மணக்கிறதே, அந்த மணம்தான் போய்க்கொண்டிருக்கும் மருந்து. மிச்சத்தை மண்ணில் உள்ள மக்கு இழுத்துக்கொள்ளும். இன்னும் மிச்சத்தை மண்ணில் வாழும் கிருமிகள் தின்று தீர்த்துவிடும். மாலையில் மழை பெய்தால் கேட்கவே வேண்டாம்.

அது மட்டுமல்ல. பூசணம் தட்டில் இருப்பது போல் திறந்த வெளியில் இல்லை. கட்டைக்குள்ளே, வேரின் மரப்பகுதிக்குள்ளே ஒளிந்திருக்கிறது. எண்ணெய் தண்ணீரோடு கலக்காது. அப்படிப்பட்ட எண்ணெய் அவ்வளவு ஆழம் இறங்குமா? சோப்பு மாதிரி ஏதாவது போட்டுக் கலக்கினாலும், அளவு கூடிப்போனால் இளம் வேரையே கருக்கிவிடும். நோயைக் கொல்லப் போய் மரத்தைக் கொன்ற கதையாகிவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மரத்துக்கு 1 லிட்டர் கரைசல், அதில் நூற்றுக்கு 1 பங்கு எண்ணெய் என்று வைத்தால் ஒரு மரத்துக்கு 10 மில்லி லிட்டர். ஒரு ஹெக்டரில் 450 மரம் என்றால் 4½ லிட்டர் எண்ணெய் வேண்டும். அதுவும் ஒரு தடவைக்கு. பச்சை எலுமிச்சைப் புல் 100 கிலோவைக் காய்ச்சினால் அரைக் கிலோ எண்ணெய்கூடத் தேறாது. அப்படியானால் ஒரு ஹெக்டருக்கு ஒரு தடவை ஊற்ற ஒரு டன் புல்லாவது வேண்டும். எவ்வளவு வெள்ளி ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

அதற்காக இது வீண் வேலை என்று நான் சொல்லவில்லை. எண்ணெயை நுண்ணிய உறைக்குள் அடைத்து மண்ணில் மெல்ல மெல்ல வெளிவரச் செய்யும் முயற்சிகள் நடக்கின்றன. நாளைக்கு நல்ல மருந்து வரட்டும், சந்தோஷப்படுவோம். ஆனால் இன்றைக்குச் சின்னப் புட்டியில் விற்கப்படும் எண்ணெயை வாங்கி வேரில் ஊற்றினால், நோய் கீழே நடந்துகொண்டே இருக்கும், நாம் மேலே வாசனை பிடித்துக்கொண்டிருப்போம். அதற்குள் பக்கத்து மரத்துக்கும் போய்விடும்.

இன்னொன்று. 1974-ஆம் ஆண்டுப் பூச்சிமருந்துச் சட்டப்படி, பூச்சிக்கோ பூசணத்துக்கோ மருந்து என்று சொல்லி விற்கும் எதையும் வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். சீட்டில் எல்.ஆர்.எம்.பி. என்று தொடங்கும் பதிவு எண் இருக்கும். அது இல்லாத புட்டியை லயத்துக்கு வந்து யார் விற்றாலும் வாங்காதீர்கள்.

"இயற்கைதானே, என்ன செய்யும்?"

இந்த ஒரு வார்த்தைதான் எனக்குப் பயத்தைத் தருகிறது. அரளியும் இயற்கைதான். ஊமத்தையும் இயற்கைதான். இலையில் இருக்கும்போது ஒரு துளி. அதையே காய்ச்சி வடித்தால் ஒரு கூடை இலையின் காரம் ஒரு சின்னப் புட்டிக்குள் வந்துவிடுகிறது. பூசணத்தின் சுவரை ஓட்டை போடும் பொருள் மனிதத் தோலை மட்டும் விட்டுவிடுமா?

சில வருடங்களுக்கு முன் ஓர் இரண்டு வயதுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருந்தறைக்கு ஓடி வந்தார்கள். சளிக்குத் தடவ வைத்திருந்த நீலகிரித் தைலத்தைப் பானப் புட்டியில் ஊற்றி, சாமி மேடைக்குக் கீழே வைத்திருக்கிறார்கள். பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டது. வந்து சேரும்போது கண் செருகியிருந்தது, வாயெல்லாம் தைல வாசனை, சிறிது நேரத்தில் வலிப்பு. பாட்டி "உப்புத் தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கலாமா தம்பி?" என்று கேட்டார். வேண்டாம் பாட்டி என்று தடுத்து, பிள்ளையை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, ஆம்புலன்சில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். பிள்ளை பிழைத்தது. இன்று பள்ளிக்கூடம் போகிறது. ஆனால் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி லிட்டர் நீலகிரித் தைலமே சின்னக் குழந்தையை மயக்கத்திலும் வலிப்பிலும் தள்ளப் போதும் என்பதை எல்லாத் தாய்மார்களும் தெரிந்துகொள்ள வேண்டும். கிராம்பு எண்ணெய் ஈரலைக் கெடுக்கும். கற்பூரம் வலிப்பைக் கொண்டுவரும். இரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் மூக்கிலோ மார்பிலோ கற்பூரம், மெந்தால் கலந்த தைலம் தடவவும் கூடாது.

குழந்தை எண்ணெயைக் குடித்துவிட்டால் செய்ய வேண்டியவை:

1. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக் காய்ச்சலை உண்டாக்கும். குடித்ததைவிட அது மோசம்.

2. உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், தேங்காய்ப்பால் எதுவும் கொடுக்காதீர்கள். வாயை மட்டும் துடைத்துவிடுங்கள்.

3. மயக்கமாக இருந்தால் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வையுங்கள். வலிப்பு வந்தால் கையில் சாவி கொடுப்பது, வாயில் கரண்டி வைப்பது வேண்டாம்.

4. உடனே 999-க்குக் கூப்பிடுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். "நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருக்காதீர்கள். அறிகுறி சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

5. புட்டியைக் கையோடு கொண்டு போங்கள். என்ன குடித்தது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள். பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் தேசிய நச்சு மையம் இருக்கிறது. டாக்டர்கள் அங்கே கேட்டு வைத்தியம் செய்ய இந்த விவரம்தான் உதவும்.

தோலில் சுத்த எண்ணெய் பட்டால் சோப்புப் போட்டு நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். கண்ணில் பட்டால் ஓடும் தண்ணீரில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் கழுவி, பிறகு மருந்தறைக்கு வாருங்கள். வீட்டு அடுப்பில் எண்ணெய் காய்ச்சி வடிக்கும் வேலையே வேண்டாம். இதன் ஆவி தீப்பற்றும்.

மருந்து ஊற்றும் தோழர்களுக்கு

கெமிக்கல் ஆனாலும் சரி, நாளைக்கு வரப்போகும் இயற்கை மருந்தானாலும் சரி, பாதுகாப்பு ஒன்றுதான். ரப்பர் கையுறை, பூட்ஸ், முழுக்கைச் சட்டை, கலக்கும்போது கண்ணாடி. வெறுங்கையால் கலக்காதீர்கள். குச்சியால் கலக்குங்கள். சிகரெட், வெற்றிலை, சாப்பாடு எல்லாம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகுதான். வேலை முடிந்ததும் குளித்து, உடுப்பைக் குழந்தைகள் துணியோடு சேர்க்காமல் தனியாகத் துவைக்க வேண்டும். காலி மருந்துத் தோம்பில் தண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

இவற்றைக் கொடுப்பது நிர்வாகம் செய்யும் தர்மம் அல்ல, சட்டம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டமும், அதன் கீழ் 2000-ஆம் ஆண்டு வந்த ரசாயன விதிகளும் முதலாளி மீது இந்தக் கடமையைச் சுமத்துகின்றன. உடனடி ஆபத்து இருந்து, அதை நீக்கவும் முதலாளி நடவடிக்கை எடுக்காவிட்டால், அந்த இடத்தை விட்டு விலகிக்கொள்ளும் உரிமை 2024-ஆம் ஆண்டு ஜூன் 1-ஆம் தேதி முதல் தொழிலாளிக்கு இருக்கிறது. மருந்து வேலைக்குப் பிறகு தலைவலியோ அரிப்போ வந்தால் மருந்தறைக்கு வந்து பெயரைப் பதிந்துகொள்ளுங்கள். "சும்மா வந்துச்சு, போயிடும்" என்று விட்டால் பின்னால் சொக்சோவில் கேட்கும்போது கையில் ஒரு சீட்டும் இருக்காது.

மரத்துக்கு எது உதவும்?

இயற்கையான வழி இல்லையா என்றால், இருக்கிறது. புட்டியில் வருவதில்லை, அவ்வளவுதான். மறுநடவுக்கு முன்னால் பழைய கட்டையையும் வேரையும் தோண்டி எடுப்பது முதல் வைத்தியம். சாப்பாடு இல்லாவிட்டால் பூசணம் எங்கே போகும்? நிரைகளுக்கு நடுவில் மூடுபயிர்க் கொடி போட்டால் மண் ஈரமாக இருந்து, மிச்சக் கட்டைகள் சீக்கிரம் மக்கிப்போகும். கழுத்தைச் சுற்றிக் கந்தகம் போட்டால், கெட்ட பூசணத்தை எதிர்க்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூசணம் மண்ணில் பெருகும். கந்தகம் தூவும்போது கண்ணும் மூக்கும் எரியும், ஆகவே கண்ணாடியும் முகமூடியும் அவசியம். நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் கால்வாய் வெட்டினால் வேர் வேரைத் தொடாது.

லயத்துக்குப் பின்னால் பலா, மரவள்ளி நட்டிருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளை வேர் நோய் இவற்றையும் பிடிக்கும். பழைய பால்மரக் கட்டை கிடக்கும் இடத்தில் நடாதீர்கள். கிழங்கில் வெள்ளை நூல் படர்ந்து அழுகியிருந்தால் வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள்.

எல்லாவற்றிலும் பெரிய மருந்து உங்கள் கண்தான். தினமும் அந்த மரத்துக்கு முன்னால் நிற்பவர் நீங்கள். ஆபீசில் இருப்பவர்களுக்குத் தெரிவதற்கு முன்னால் இலை வெளிறுவது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கே மண்டோரிடம் சொன்னால் ஒரு மரத்தோடு போகும். விட்டுவிட்டால் ஒரு நிரையே போகும். நிரை போனால் யாருடைய சம்பளம் குறையும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே தோழர்களே, வாசனை எண்ணெயை அதன் இடத்தில் வையுங்கள். அந்த இடம் குழந்தைக்கு எட்டாத, பூட்டுப் போட்ட அலமாரி. இன்று மாலை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாக, பானப் புட்டியில் ஊற்றி வைத்திருக்கும் எண்ணெய், தைலம், மருந்து எதுவாக இருந்தாலும் தேடி எடுங்கள். இன்னதென்று தெரியாததை அடுப்படியில் வைக்காமல் மருந்தறைக்குக் கொண்டு வாருங்கள். என்னவென்று பார்த்துச் சொல்கிறேன்.